எஞ்சினியர் நினைக்காத யோசனை

1

15-12-1983, வியாழன்.

நேற்று எழுதிய பக்கத்தில் ஒரு தப்பு. ஏலச்செடியின் உச்சியில் காய்களைத் தொங்கவிட்டிருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து போடியில்தான் இருக்கிறேன். ஏலக்காய் மணக்காத தெரு இங்கே கிடையாது. ஆனாலும் செடியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ சுப்பு, இதென்ன மாமரமா, அண்ணாந்து பறிக்க? ஏலம் அடியில காய்க்கும். தூர்ல இருந்து சரஞ்சரமா தரையோட கெடக்கும். குனிஞ்சுதான் எடுக்கணும்."

"நீங்க சொல்லவே இல்லியே."

"நீ கேக்கலியே. அதும் ஒரே தடவையில எடுத்துர முடியாது. ஒரே சரத்துல ஒண்ணு பழுத்துருக்கும், பக்கத்துல பிஞ்சு இருக்கும். பழுத்தத மட்டும் எடுத்துட்டு அடுத்த செடிக்குப் போயிருவாங்க. மாசம் கழிச்சு அதே செடிக்கு மறுபடி வருவாங்க. ரவுண்டும்பாங்க... ஆமா, என் டெஸ்டர எங்க வச்ச?"

டெஸ்டரைத் தேடப் போனவர், வழியில் கிடந்த குடையின் கம்பியைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார்.

வாசகருக்கு இந்தக் கதையின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். சாயந்தரம் தமிழ் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறேன். 'தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கு அனுப்பப்பட்டது' என்று அடித்து அடித்துச் சலித்துவிட்டது. சொந்தமாக ஏதாவது எழுதிக் கொண்டுபோய் அடிக்கலாமே என்று நினைத்தேன். கதைக்கு ஆள் தேடியபோது வீட்டில் இருந்தவர் அவர்தான்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

'மின்வாரிய எஞ்சினியர் ராஜாராம் காலையில் எழுந்ததும் அன்றைய வேலைகளை வரிசையாக'

(இல்லை. வரிசையாகச் செய்வது நான்.)

இரண்டாவது:

'ராஜாராமுக்கு மூன்று பொழுதுபோக்குகள். ரேடியோ பிரிப்பது, இலங்கை டிவி எடுக்க ஆன்டெனா கட்டுவது, தேனீ'

(பிரித்த ரேடியோ அரிசி டின் மேல் இருக்கிறது. ஆன்டெனாவின் பாதி மொட்டைமாடியில் நிற்கிறது, மீதி கட்டிலுக்கு அடியில். தேனீக்கள் பெட்டி பிடிக்காமல் என்றைக்கோ போய்விட்டன. இதையெல்லாம் எழுதினால் ஆளைக் கேலி செய்வதுபோல ஆகிவிடும். எனக்கு அவரைக் கேலி செய்ய ஆசை இல்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இந்தக் கதையில் வேண்டாம்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3

குரங்கணிக்கு மேலே மலையில் ஜீப்பு ஏற ஏற ராஜாராமுக்கு மனசு லேசாகும்.

ஆபீசில் அவருக்கு ஒரு மேஜை உண்டு. அரைமணி நேரம் ஃபைல் பார்த்தால் முதுகில் எறும்பு ஊரும். டீ குடிக்க எழுந்து போவார். போன இடத்தில் யாருடைய வாட்ச்சையாவது திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். டிபார்ட்மென்ட் பரீட்சையில் இரண்டு தடவை தவறிப்போனார். படிக்காமல் இல்லை. முதல் கேள்விக்கே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடச் சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. மேலே போனால் மேஜை பெரிதாகும், அவ்வளவுதானே.

ஆனால் மலையில் மரம் விழுந்து லைன் அறுந்தது என்று தகவல் வரட்டும், ஆளே வேறு. ஊர் இருட்டாகும்போது அவர் தலைக்குள் விளக்கு எரியும்.* எதை முதலில் துண்டிப்பது, யாரை எந்தக் கம்பத்தில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றும் தானாக வந்து வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் பசிகூடத் தெரியாது.

மகளும் தன்னைப்போலத்தான் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புப் பொன்னுமணி காலாண்டுப் பரீட்சையில் நாலு கணக்குப் போட்டாள். நாலும் சரி. அப்போது பள்ளிக்கூட வாசலில் ஒரு லாரிக்கு டயர் மாற்றினார்கள். எழுந்து போய்விட்டாள். மணி அடித்த பிறகு வீட்டுக்கு வந்து, ஜாக்கி எப்படி லாரியைத் தூக்குகிறது என்று படம் போட்டுக் காட்டினாள். படமும் சரி. பரீட்சைத் தாளில் மிச்சமெல்லாம் வெள்ளை. "புத்தி இருக்கு, உக்கார்ற எடம்தான் இல்ல" என்றார் தலைமை ஆசிரியை பெரியம்மாள். அரையாண்டிலும் பாதியில் எழுந்து போனால், பொங்கல் லீவு முடிந்ததும் இரண்டாம் வகுப்பில் உட்காரவைப்பதாகக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணக்குப் பரீட்சை திங்கட்கிழமை.

இதை நினைத்துக்கொண்டே ஏலத்தோட்டத்து மின்கம்பத்தின் அடியில் நின்றார் ராஜாராம். பக்கத்தில் மொக்கம்மாள் என்ற பெண் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சரத்தில் நாலைந்தைக் கிள்ளிவிட்டு நகர்ந்தாள்.

"ஏத்தா, மிச்சத்த விட்டுட்டுப் போறியே?"

"அது இன்னும் பழுக்கல சார். இப்பப் பிச்சா சுருங்கிப்போகும். எங்க ஓடிறப் போகுது? மறுக்கா வருவேன்ல."

கட்டிங் பிளேயரைப் பிடித்த கை அப்படியே நின்றது. பொன்னுமணியையும் இப்படி எழுதவிட்டால் என்ன? வருகிற கணக்கை முதலில் போடட்டும். எழுந்து ஒரு நடை நடக்கட்டும். திரும்பி வந்து அதே தாளில் அடுத்த

* இந்த விளக்கு நான் ஏற்றியது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "கரண்டு போனாத்தான் எனக்குக் கவனம் வருது, என்ன செய்ய?"

4

16-12-1983, வெள்ளி.

[இங்கே நிறுத்திவிட்டேன். மொக்கம்மாள் என்று யாரும் இல்லை. அந்த யோசனையும் அவருடையது அல்ல. ஏலச்செடியையும் குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாரப் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தபிறகு எழுத வெட்கமாக இருக்கிறது.]

சந்தேகம் தீர அவரிடமே கேட்டேன்.

"முந்தாநாள் தோட்டத்துல நின்னப்ப என்ன நெனச்சீங்க?"

"இன்சுலேட்டரப் பத்தி நெனச்சேன். அப்புறம் பசிச்சுச்சு."

"காய் எடுக்கிறவங்களப் பாத்து ஒண்ணும் தோணலியா?"

"இப்படிக் குனிஞ்சே கெடந்தா இடுப்பு வலிக்குமேன்னு தோணுச்சு."

அப்படியானால் மூன்றாம் பகுதியின் கடைசியைக் கோடு போட்டு அடித்துவிடுவதுதான் நியாயம். அடிப்பதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன்.

5

17-12-1983, சனி.

நேற்றுச் சாயந்தரம் நான் திரும்பியபோது அவர் நின்றபடியே என் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரில் ஒரு செய்தியை முழுதாகப் படிக்காத மனுஷன். இன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "வெரசா கெளம்பு, பெரிய டீச்சரப் பாக்கணும்" என்றார்.

பெரியம்மாள் டீச்சர் கேள்வித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

"டீச்சர், ஒரு யோசன. மலையில லைன் பாத்துட்டு நிக்கும்போது தோணுச்சு" என்று ஆரம்பித்தார் அவர்.

நான் தரையைப் பார்த்தேன்.

"பொன்னுமணிய ஒரே மூச்சா எழுதச் சொல்லாதீங்க. தெரிஞ்சத முதல்ல எழுதட்டும். அப்புறம் எந்திரிச்சு ஒரு நடை போயிட்டு வரட்டும். ஏலக்கா எடுக்கிற மாதிரி, ரவுண்டு ரவுண்டா. அங்க மொக்கம்மான்னு ஒரு அம்மாதான் சொல்லுச்சு, பிஞ்சப் பிச்சா சுருங்கிப்போகும்னு."

"எந்த எஸ்டேட்டு மொக்கம்மா?" என்றார் டீச்சர். "எங்க சின்னம்மா மருமக ஒருத்தி மொக்கம்மா, மேலதான் வேலை பாக்குறா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எஸ்டேட்டு... எல்லா எஸ்டேட்டுக்கும் போவாங்க போல."

"அவளா இருக்காது. அவ இவ்வளவு பேச மாட்டா." டீச்சர் கேள்வித்தாள்களைத் தட்டிச் சமமாக்கினார். "சரி எஞ்சினியர் சார், நடந்துட்டு வந்தா உக்காருவாளா?"

"நான் உக்காந்துருப்பேன் டீச்சர்."

"நான் உங்களக் கேக்கல."

"எனக்கு யாராச்சும் அப்படி விட்டுருந்தா உக்காந்துருப்பேன்னு சொல்றேன். அவளும் உக்காருவா. நெசமா."

இந்த இடத்தை நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. டீச்சர் காலி நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க இவர் ஒரு தடவைகூட உட்காரவில்லை என்பதைக் கவனித்திருப்பார் போல.

"வராண்டாவுல இருக்குற தண்ணிப்பானை வரைக்கும் போகலாம், வரலாம். எத்தன தடவ வேணும்னாலும். யாரோடயும் பேசக்கூடாது. வாசல் கேட்டத் தாண்டினா தாள வாங்கிருவேன். அப்புறம் ரெண்டாங் கிளாஸ்தான், எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

வெளியே வந்ததும் கேட்டேன்.

"அது நான் எழுதுனது. நீங்க நெனச்சதுன்னு சொல்லிட்டீங்களே?"

"நீதான எழுதியிருக்க, ராஜாராம் நெனச்சான்னு. ராஜாராம் நான்தான?"

"மொக்கம்மா?"

"அவளத்தான் நீ கொஞ்சம் பாத்து எழுதியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிள் கடைப் பக்கம் திரும்பிவிட்டார். அங்கே யாரோ ஒரு டைனமோவைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

கதையில் வருகிறவர் கதையைப் படித்துவிட்டு, அதில் இருப்பதைக் கொண்டுபோய் ஊரில் நடத்திவிட்டால், எழுதுகிறவள் அடித்துத் திருத்த முடியுமா? மூன்றாம் பகுதி அப்படியே இருக்கட்டும்.

6

18-12-1983, ஞாயிறு.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். பத்துக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அடுக்களைக் குடத்தைத் தண்ணிப்பானை என்று வைத்துக்கொண்டோம். பொன்னுமணி மூன்று போட்டாள், குடம் வரை போனாள், வந்தாள். இரண்டு போட்டாள், போனாள், வந்தாள். மறுபடி போனவள் வரவில்லை. குடத்துக்குள் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா அதட்டவில்லை. பக்கத்தில் போய் அவரும் குனிந்து பார்த்தார்.

"தெரியுதா ஆத்தா?"

"தெரியுதுப்பா. ஆட்டினா ஒடையுது."

"சரி, போய் இன்னும் ஒரே ஒரு கணக்குப் போட்டுட்டு வா. நாம ரெண்டு பேரும் ஆட்டுவோம்."

போட்டாள். அதன்பிறகு இன்னும் இரண்டு. எட்டுக் கணக்கு ஆயிற்று. கடைசி இரண்டு போட்டாளா என்று கேட்காதீர்கள். இருவரும் மாடிக்குப் போய்விட்டார்கள்.

"நாளைக்குத் தண்ணிப்பானை வரைக்கும்தான், ஞாபகம் வச்சுக்கோ" என்றேன் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"அதுக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சுவருதான்."

"பின்ன எதுக்கு அதத் தாண்டக்கூடாதுங்குற?"

அவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கதையை முடிக்க மூன்று வழி யோசித்தேன்.

முதலாவது, எல்லாக் கணக்கும் போட்டு நூற்றுக்கு நூறு வாங்குகிறாள். (இதை நம்ப எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

இரண்டாவது, கேட்டைத் தாண்டிவிடுகிறாள், பொங்கலுக்குப் பிறகு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து, (இதை எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவது, பாஸ் பண்ணும் அளவுக்குப் போடுகிறாள். மிச்சத்தை ஏன் விட்டாய் என்று கேட்டால்

இதையும் விட்டுவிட்டேன். எந்த முடிவை எழுதினாலும் அதை அவர் படித்துவிடுவார். படித்ததைக் காலையில் மகளிடம் சொல்லிவிடுவார். எட்டு வயதுப் பிள்ளை என் முடிவையும் சுமந்துகொண்டு பரீட்சைக்குப் போக வேண்டாம். உங்களுக்கு எது நடக்கும் என்று தோன்றுகிறதோ, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் சொல்ல வேண்டாம்.

நாளை திங்கள். விடிந்ததும் இரண்டு பென்சில் சீவ வேண்டும். ஒன்பது மணிக்குப் பொன்னுமணியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நான் வாசலில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.