நாலு பிரதிப் பத்திரிகை

அலுவலகத்தில் எனக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். எவன் பில்லைக் கொண்டுவந்தாலும் குத்திக் குடைந்துவிடுவேனாம். குடையத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்? அரசு விளம்பரம் போட்ட பத்திரிகைகளுக்குப் பணம் போகுமுன் சரிபார்க்கும் தணிக்கைப் பிரிவு என்னுடையது. விளம்பரம் வந்த பக்கத்தை பில்லோடு இணைத்து அனுப்புவார்கள். நான் ஸ்கேலை வைத்து விளம்பரத்தின் நீள அகலம் அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன்.

அன்று ஸ்கேலை வைத்த கையோடு அலறிவிட்டேன். விளம்பரத்துக்குக் கீழே கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கட்டத்துக்குள் என் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐயோ! காலையில்தானே என்னோடு பேசினாள்? அவள் மகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அக்காவும் அங்கேயேதான் இருக்கிறாள். உடனே போன் போட்டேன்.

"என்னடி, இந்த நேரத்துல?" என்றாள் அக்கா.

"நீ உயிரோட இருக்கியா?"

"லூசு மாதிரி பேசாதே. பாப்பா இன்னும் கண்ணைத் திறக்கல. வரும்போது ஃப்ளாஸ்க் எடுத்துட்டு வா."

போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும். அது அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படம், எடுத்ததே நான்தான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் முகவரி. அக்கா வீட்டுக்காரரின் அச்சகம்! பில்லில் அவருடைய கூட்டாளி பெயர் இருந்ததால் இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

பக்கத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். பக்கத்தைப் பார்த்ததும் அத்தான் சிரித்தார்.

"அடடா, மாட்டிக்கிட்டேனா? கொஞ்சம் இடம் காலியா கிடந்துச்சும்மா. கைக்குக் கிடைச்ச படத்தைப் போட்டேன். யாரு படிக்கப் போறா?"

"ஊரே படிக்கும்னுதானே கணக்கு காட்டியிருக்கீங்க! ஆயிரக்கணக்குல அடிக்கிறதா எழுதியிருக்கே?"

"நாலே நாலு அடிப்போம். பில்லுக்கு ஒண்ணு, விளம்பரம் கொடுத்த ஆபீசுக்கு ஒண்ணு, எனக்கு, கூட்டாளிக்கு. விளம்பரம் வந்தா பேப்பர் வரும். வராட்டி லீவு."

மனுஷன் அதையும் பெருமையாகச் சொல்கிறாரே!

"பில்லை மட்டும் நிறுத்திடாதம்மா," என்று குரலை இறக்கினார். "ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதைத்தான் நம்பியிருக்கேன்."

கையிலிருந்த பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் விளம்பரத்தைப் படித்தேன். அளந்தேனே தவிர, அதுவரை நானும் படித்திருக்கவில்லை.

"அத்தான், இந்த விளம்பரத்தைப் படிச்சீங்களா?"

"எதுக்கு? அவங்க அனுப்புறதை அப்படியே வச்சு அடிப்பேன்."

"இப்ப படிங்க. சத்தமா."

"நகராட்சிப் பெரிய தொட்டியின் குடிநீரில் கழிவுநீர் கலந்துள்ளது. கொதிக்க வைக்காமல் குழந்தைகளுக்கு..."

அதோடு நின்றுவிட்டார். அவர் வீட்டுக் குழாயில் வருவது பெரிய தொட்டித் தண்ணீர்தான். தேதியைப் பார்த்தார். பாப்பா நோயில் படுப்பதற்கு முந்தைய வாரம்.

"என் கையாலதானே அடிச்சேன்," என்றார். உட்கார நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் தரையில் சரிந்தார். எனக்குப் பாவமாகவே இல்லை.

மேஜையில் கிடந்த அவருடைய பிரதியை எடுத்துக்கொண்டேன். அலுவலகம் திரும்பி, கோப்பில் பணம் தரக்கூடாது என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஃப்ளாஸ்க்கை மறந்துவிட்டேன்.

நான் நீட்டிய பக்கத்தில் அக்கா தன் படத்தைப் பார்த்தாள். பிறகு விளம்பரத்தைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பாப்பாவின் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். விருட்டென்று எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"உங்க வீட்டுக்கும் பெரிய தொட்டித் தண்ணிதானே? இதைப் படிங்க. வீட்டுல மத்த பிள்ளைங்க இருந்தா உடனே போன் பண்ணிச் சொல்லுங்க."

வார்டு முழுக்கப் பிள்ளைகள். பக்கம் ஒவ்வொரு கட்டிலாகப் போனது. கடைசிக் கட்டிலில் இருந்த அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது எந்தப் பேப்பர்ங்க? நாங்க கண்ணால கூடப் பார்த்ததில்லையே?"

"என் வீட்டுக்காரர் நடத்துற பேப்பர்ங்க," என்றாள் அக்கா.