சாக்கடையில் கொட்டிய கஞ்சி

ராயபுரத்தில் சிலுவையம்மாளின் கைச் சோற்றைக் குறை சொன்னவர் கிடையாது. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள் அவள். விற்றது போக ஒரு நல்ல துண்டாவது வீட்டுக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில்தான், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ரோசலி தினமும் அரை வயிற்றோடு எழுந்துகொண்டிருந்தாள்.

காரணம் சவரியம்மா. சிலுவையம்மாளின் தங்கை. பிள்ளை வெளியே வர முடியாமல் துடிதுடித்து, கடைசியில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள். "ரெண்டு ஆளு சோத்த ஒருத்தியே துன்னா புள்ள பெருத்துப்பூடும். அப்பால எப்டி வரும்?" என்று மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்ன சொல் சிலுவையம்மாளின் நெஞ்சை விட்டுப் போகவேயில்லை. ஆகவே, மகள் வந்து இறங்கிய அன்றே சோற்றைக் குறைத்தாள். முட்டையை நிறுத்தினாள். குழம்பில் சாறு மட்டும் ஊற்றி, மீனை ஒதுக்கி வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

"வவுறு நெறஞ்சா கொய்ந்தைக்கு எடம் ஏதுடி? நல்லபடியா பெத்து எந்திரி. அப்பால நானே ஊட்டுறேன்."

ரோசலி விரலால் தட்டை வழித்துவிட்டு எழுந்து போவாள். மகளைப் பசியில் வைத்துவிட்டுத் தான் உண்ண மனம் வராமல் சிலுவையம்மாளும் அரைத் தட்டோடு கை கழுவுவாள்.

ரம்ஜான் மாதம் வந்தது. ஒரு சாயங்காலம் கூடை சீக்கிரமே காலியாகி அவள் திரும்பி வந்தபோது ரோசலி வீட்டில் இல்லை. அடுத்த வீட்டு பதுருன்னிசாவின் கொல்லைப்பக்கம் குந்தியிருந்தாள். கையில் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. ஊதக்கூடப் பொறுக்காமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது? திருட்டுப் பூன மாதிரி குந்திகினு குட்சிகினு கீற!"

பதுருன்னிசா ஓடி வந்தாள். "சிலுவக்கா, அத்தத் திட்டாத. புள்ளத்தாச்சிப் பொண்ணு, அடுப்பையே பாத்துகினு நின்னுச்சி. எனக்கு மனசு கேக்கல."

"எம் பொண்ணுக்கு சோறு போட எனக்குத் தெரியும்மே! உன்னாண்ட பிச்ச கேட்டனா?"

கிண்ணத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். சத்தம் கேட்டுச் சந்தே எட்டிப் பார்த்தது. ரோசலி உதட்டில் ஒட்டியிருந்த பருக்கையை நாக்கால் எடுத்து விழுங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.

பிரசவம் சுலபமாக ஆயிற்று. மருத்துவச்சி வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் குழந்தை வந்துவிட்டது. "பொண்ண நீ நல்லா வச்சிருந்தம்மே" என்று எல்லோரும் சிலுவையம்மாளைப் புகழ்ந்தார்கள். பெண் குழந்தை. கையில் வாங்கியதும் அவள் கை தானாக எடை பார்த்தது. மீன்காரியின் கை அல்லவா? விலை போகாது என்று கூடையின் ஓரத்தில் ஒதுக்கும் பொடிமீன் நினைவுக்கு வந்தது. சிலுவை போட்டுக்கொண்டு அந்த நினைப்பை விரட்டினாள்.

குழந்தைக்குச் சப்பத் தெம்பில்லை. ரோசலிக்குப் பாலும் இறங்கவில்லை. அழுகை முனகலாகத் தேய்ந்ததும் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்சம்மா குழந்தையைப் பார்த்தாள். பிறகு ரோசலியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தமே இல்லையே. மாசமா இருந்தப்ப என்னதான் சாப்பிட்டே?"

ரோசலி அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா எல்லாம்தான் குட்த்தாங்க. எனக்குத்தான் எறங்கல."

"ஓகோ, மகராணிக்கு எறங்கலையா? உள்ளே இருக்கிறது உன்கிட்டேருந்துதானே எடுத்துக்கணும்? நீ அரை வயிறுன்னா அதுக்குக் கால் வயிறு கூடக் கிடைக்காது. படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்கறதில்லை!"

பெஞ்சில் இருந்த தாய்மார்கள் எல்லோரும் ரோசலியையே பார்த்தார்கள். ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். நான்தான் போடவில்லை என்று சொல்லச் சிலுவையம்மாள் வாயைத் திறந்தாள். அத்தனை கண்களும் தன் பக்கம் திரும்புவதை நினைத்தாள். மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்பே குழந்தை போய்விட்டது. மருமகன் இக்னேஷியஸ் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் ரோசலியைத் திருவொற்றியூருக்கு அழைத்துப் போனான். அவள் மறுபடியும் உண்டானபோது, பிரசவம் தன் வீட்டிலேயே ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினான். அதுவும் மரியாதையாகத்தான். அந்த மரியாதைதான் சிலுவையம்மாளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த ரம்ஜானில் அவள் ஒரு தூக்கோடு பதுருன்னிசாவின் வாசலில் போய் நின்றாள்.

"இன்னாக்கா, சாக்கடைக்கா?" பதுருன்னிசாவின் வாயிலிருந்து அது வந்து விழுந்துவிட்டது.

"ரோசலிக்கு," என்றாள் சிலுவையம்மாள் தரையைப் பார்த்தபடி. "முயுகாம கீதுமே அது."

பதுருன்னிசா தூக்கை வாங்கினாள். கரண்டியை அடிவரை விட்டுக் கறியும் பருப்புமாக அள்ளி ஊற்றினாள். "நிக்காத, போ. ஆறிப்பூடும்."

திருவொற்றியூரில் ரோசலி தூக்கைத் திறந்ததும் வாசனையிலேயே அது என்னவென்று தெரிந்துகொண்டாள். கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தாள். பாதியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"போதும்மா."

போதாது என்று சிலுவையம்மாளுக்குத் தெரியும். இன்னும் குடிக்கலாமா என்று தன் முகத்தைப் பார்த்துக் கேட்கும் பழக்கத்தை மகளுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே.

"அன்னிக்கு நர்சம்மாவாண்ட நான் சொல்லிருக்கணும்டி."

ரோசலி மறுபடி கிண்ணத்தை எடுக்கவில்லை. சிலுவையம்மாள் இருந்த இடத்திலேயே நகர்ந்து, மகளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு கிண்ணம் தரையை விட்டு எழும் ஓசை கேட்டது. அப்புறம் தூக்கைச் சாய்த்து ஊற்றும் ஓசை. மகள் அடிவரை வழித்துக் குடித்து முடிக்கும்வரை அவள் திரும்பவில்லை.