மூன்று, பச்சை

“சார், பின்கதவுச் சாவியைக் கொடுங்க.”

மேனேஜர் நிமிரவில்லை. ஹோட்டலுக்குப் போகும் துண்டுகளின் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், நான் கேட்டது காதில் விழாத மாதிரி இன்னும் ரெண்டு கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சலவைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள். “லீவு கேளு, சம்பளம் கூடக் கேளு, சண்டை கூடப் போடு. பின்கதவைத் திறங்கன்னு மட்டும் வாயைத் திறந்துடாத. கேட்டவ எவளும் மறுநாள் உள்ள வந்ததில்ல.” அம்மாவுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் இங்கேதான் இருக்கிறாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைச் சுடச்சுட உருளும் இஸ்திரி உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. அந்தப் பக்கம் மடிந்து வரும் விரிப்புகளைக் கணக்கில் ஏற்றுவது என் வேலை. இடையில் ஒரு பெரிய கண்ணாடி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பட்டம் வாங்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவள் நான்.

“பின்கதவு எதுக்கு, டிகிரி?” என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது. பெயர் வைத்த நாளிலிருந்து அதில் ஒரு தடவைகூட மரியாதை இருந்ததில்லை.

“நேத்து சிரிப்பக்கா வாந்தி எடுத்தாங்க. இன்னிக்கு எங்கம்மாவுக்குத் தலை வெடிக்குதாம். உள்ள காத்தே இல்ல சார்.”

“வெறும் வயித்துல வந்தா அப்படித்தான்.”

“முப்பது பேருமா வெறும் வயித்துல வராங்க?”

“அந்தக் கதவு திறந்திருந்தப்ப எத்தனை துண்டு காணாம போச்சு தெரியுமா? உனக்கெங்க தெரியும், நீ அப்ப பிராக்கெட் கணக்குப் போட்டுக்கிட்டிருந்திருப்ப.” தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

திருட்டுப் பயம்தான் இந்த இடத்தின் சாமி. பின்கதவுக்குப் பூட்டு. முன்வாசலில் ஒவ்வொருத்தியாகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். கரண்ட் போனால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, எல்லோரும் உடனே முன்வாசலுக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். இருட்டில் யாரும் எதையும் இடுப்பில் செருகிவிடக் கூடாதாம். இதற்கு மட்டும் வருஷம் முழுக்க ஒத்திகை நடக்கும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு தடவைகூடச் சொல்லித் தந்ததில்லை.

“கதவை அப்புறம் பார்க்கலாம். இதைச் சரி பண்ணு முதல்ல.” கம்ப்யூட்டரைக் காட்டினார். “நாளைக்கு ஹோட்டல்காரங்க செக்கிங். மீட்டர் ஹாட்ஸ்பாட்ல சேர மாட்டேங்குது. போன தடவையே கேட்டாங்க, ஏன்யா தேதி பழசா இருக்குன்னு.”

“எந்தத் தேதி?”

“பாரேன், கண்ணு இருக்குல்ல?”

பார்த்தேன். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே துணி உலர்த்தும் இயந்திரங்கள் கேஸில் எரிகின்றன. சரியாக எரியாவிட்டாலோ புகைக்குழாய் அடைத்துக்கொண்டாலோ கார்பன் மோனாக்சைடு வரும். நாற்றம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணைக்கூட எரிக்காது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். தூங்கினால் தூங்கினதுதான். நான் படித்தது வேதியியல். இந்தப் பக்கத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள்தான் நான். அந்த வாயுவை அளக்கத்தான் உலர்த்திகளுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். கூடத்தில் வேறு இன்டர்நெட் இல்லை. வயரில் இந்தக் கம்ப்யூட்டருக்கு வருவதை மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுக் காற்றில் விடுவார்கள், மீட்டர் அதைப் பிடித்துக்கொண்டு இன்டர்நெட் வழியாகத் திரைக்கு எண்ணை அனுப்பும். முப்பது வரை பச்சை. அப்புறம் மஞ்சள். நூறைத் தாண்டினால் சிவப்பு.

தினமும் காலையில் மேற்பார்வையாளர் இந்த அறைக்குள் தலையை நீட்டித் திரையைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கூடத்தைப் பார்த்து ஒரு விசில் அடித்து, “மூணு, பச்சை!” என்று கத்துவார். அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். அந்தக் கத்தலுக்கப்புறம்தான் பெண்கள் உள்ளே போவார்கள். இன்றும் கத்தினார். அம்மாவும் போனாள்.

திரையில் மூன்று இருந்தது. பச்சை வட்டமும் இருந்தது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு தேதி. இந்தப் புதுசு வரும் முன்பு பழைய கம்ப்யூட்டர் செத்துப்போன நாளின் தேதி. அன்றைக்குக் கடைசியாக வந்த மூன்றுதான் இன்னும் திரையில் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து விசில் கத்தியது அத்தனையும் அந்த ஒரே மூன்றைத்தான். தினமும் நானும்தான் இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்கிறேன். எனக்கும் பச்சைதான் தெரிந்தது, தேதி தெரியவில்லை.

“சார், இது ரொம்ப நாளா சேரவே இல்ல.”

“அதைத்தானே சொல்றேன். சேத்து விடு.”

ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். என் போனில் பெயர் தெரிந்தது, தொட்டதும் சேர்ந்தது. அப்படியானால் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. மீட்டருக்குத்தான் பிடிக்கவில்லை. காரணம் அந்தப் பெயரிலேயே இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் தனக்குத் தானே நீளமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தது. மீட்டர் பழைய ஆள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும்.

“பழைய பேரும் பாஸ்வேர்டும் வேணும். யார் போட்டது?”

“மாப்பிள்ளைதான்.” மகளின் கணவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேஜைமேல் வைத்தார்.

“மாப்ள, அந்த மீட்டருக்கு என்னமோ பாஸ்வேர்டு வச்சீங்களே, அது என்ன?”

மறுமுனையில் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். அப்புறம், “மாமா, நான் மெசேஜ்ல அனுப்பட்டுமா?”

“இங்க பொண்ணு காத்துக்கிட்டிருக்கு. சொல்லுங்க.”

“இல்ல மாமா, அது வந்து... அப்ப நான் கொஞ்சம் கோவத்துல இருந்தேன்.”

“சொல்லுங்க மாப்ள!”

“கஞ்சக்கிழவன். இங்கிலீஷ் எழுத்துல. எல்லாம் சின்ன எழுத்து. ஹாட்ஸ்பாட் பேரு லாண்ட்ரி ஒண்ணு. வச்சிடறேன் மாமா.”

வேறு நாளாக இருந்தால் நான் இதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பேன். அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பக்கா உருளை ஓரத்தில் குந்திவிட்டிருந்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அந்தப் பெயர். இப்போது முழங்காலில் நெற்றியை வைத்திருந்தார். விசில் பக்கத்தில் போய் நின்று கையைத் தட்டினார், மாட்டை எழுப்புகிற மாதிரி. அக்கா எழுந்தார். அம்மா ஒரு கையால் விரிப்பைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெயரை மாற்றினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். இணைந்த கருவிகள் என்ற இடத்தில் என் போன்கூட விழுந்துபோய் பூஜ்யம் என்று வந்தது. காத்திருந்தேன். பூஜ்யம்தான். கொஞ்ச நேரத்தில் ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்தது. யாரும் சேராவிட்டால் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கிவிடுமாம். அந்தத் தூக்கத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். பூஜ்யம்.

“நாலு வருஷம் காலேஜ்ல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?”

“மூணு வருஷம்தான் சார். கதவை அடைச்சா மூச்சு முட்டும்னும் சொல்லிக் குடுத்தாங்க.”

“வாய் இருக்கே, வாய்.”

அலைவரிசையைப் பார்த்தேன். ஐந்து கிகாஹெர்ட்ஸில் இருந்தது. புதுக் கம்ப்யூட்டர்கள் வேகத்துக்காக அப்படித்தான் வரும். என் போன் புதுசு, அதற்கு ஐந்து தெரியும். சுவரில் தொங்கும் மீட்டருக்கு ரெண்டு புள்ளி நாலைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் நின்று கத்தினாலும் அதற்குக் கேட்காது. ஒரே ஒரு சொடுக்கு. ரெண்டு புள்ளி நாலு. சேமி.

பூஜ்யம் ஒன்றானது.

திரையில் மூன்று மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றி நின்றதும் சிவப்பு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு.

மீட்டருக்கென்று ஒரு மணி உண்டே, அது ஏன் அடிக்கவில்லை என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மீட்டரின் வாயில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அடுக்கடுக்காக, அதன்மேல் பஞ்சுத் தூசி படிந்து சுவரின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது.

“சார்.”

மேனேஜர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பதறுவார் என்று நினைத்தேன். ஐயோ என்பார், விசிலைக் கூப்பிடுவார், சாவிக்கொத்தைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி, உள்ளேயிருந்து யாராவது இந்தத் திரையைப் பார்க்கிறார்களா என்று பார்த்தார். அவ்வளவுதான். அப்புறம் திரையை நகர்த்திச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

“புதுக் கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து இந்தச் சிவப்பைப் பார்க்காம நிம்மதியா இருந்தேன்,” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“மேல குழாய்ல பஞ்சு அடைச்சிருக்கு. எடுக்கணும்னா எல்லா மெஷினும் நிக்கணும். மெஷின் நின்னா ஹோட்டல் வேற ஆளைப் பார்த்துக்கும். அப்புறம் உங்கம்மாவுக்கு யார் வேலை குடுப்பா, உன் காலேஜா?” குரலில் கோபமே இல்லை. வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்லுவார்களே, அப்படிப் பேசினார். “இப்ப என்ன பண்ற, இதை ஆஃப் பண்ற. நாளைக்குக் காலையில மெஷின் போடறதுக்கு முன்னாடி சீக்கிரம் வா. அப்ப சேத்து விடு. பச்சையா வரும், தேதியும் புதுசா வரும். வந்ததும் திரும்ப ஆஃப். அவங்க வந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க.”

“இப்ப உள்ள இருக்கறவங்க?”

“இத்தனை நாளா செத்தா போயிட்டாங்க?”

“பின்கதவுச் சாவியைக் கொடுங்க.”

“டிகிரி.” இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார். “நீ உள்ள போய்க் கத்தினாலும் விசில் ஒருத்தரையும் விட மாட்டான். வேலைய விட்டுட்டு வர அவங்களுக்கும் தைரியம் கிடையாது. உங்கம்மாவையே கூப்பிட்டுப் பாரேன். வருவாங்களா?”

வரமாட்டாள். அம்மா இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி ஆவியில் அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. நான் எதையோ கேட்டுவிட்டேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். கழுத்துயரத்துக்குக் கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினாள். அடங்கு. என்னைப் பெற்றதிலிருந்து எனக்குக் காட்டிவரும் சைகை அது. வாத்தியார் முன்னால், வீட்டுக்காரம்மா முன்னால், கடைக்காரன் முன்னால். அடங்கு, நம்ம நேரம் வரும். இப்போது அந்தக் கை பாதியிலேயே சோர்ந்து கீழே விழுந்தது. எதற்காகக் கையைத் தூக்கினோம் என்பதையே மறந்துவிட்ட மாதிரி, அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விரிப்பு ஒன்று அவள் கொடுக்காமலேயே கோணலாக உருளைக்குள் போனது. விசில் எதையோ கத்தினார். அம்மா திரும்பவில்லை.

திரையைச் சுவரிலிருந்து என் பக்கம் திருப்பினேன். இருநூற்றுப் பதினெட்டு. போனில் படம் எடுத்தேன், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. மேனேஜர் போனைப் பிடுங்கக் கை நீட்டினார், நான் பின்னால் நகர்ந்தேன். அதைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். தீயணைப்பு ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் நிற்கிறாள் அவள். “ஓடிப்போய்க் காட்டு. அம்மா உள்ள இருக்கா” என்று மட்டும் எழுதினேன். படம் போனதும் போனை இடுப்பில் செருகினேன்.

“இத்தோட உங்க ரெண்டு பேருக்கும் கதை முடிஞ்சது,” என்றார். “சாவி என் பையில இருக்கு, என்ன பண்ணுவ? பூட்டை உடைப்பியா?”

உடைக்க வேண்டியதில்லை. அந்தச் சாவியைக் கேட்டதே என் முட்டாள்தனம். இந்த அறைக்கு வெளியே, நடையில், சாம்பல் நிறப் பெட்டியில் மெயின் ஸ்விட்ச் இருக்கிறது. அதை இழுத்தால் கரண்டில் திறந்து நிற்கும் கேஸ் வால்வு தானாகவே மூடும், உருளை நிற்கும், விளக்கு போகும். விளக்கு போனால் முப்பது பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓட வேண்டும். நிற்கிறவளைப் பிடித்துத் தள்ளியாவது விசில் வெளியே கொண்டுவருவார். அம்மாவையும், சிரிப்பக்காவையும். நான் கெஞ்ச வேண்டாம், யாருக்கும் தைரியம் வர வேண்டாம். துண்டுக்காக இவர்களே போட்ட சட்டம்.

நாளையிலிருந்து எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. அம்மா என்னோடு பேசாமல் இருப்பாள், எத்தனை நாளோ. பேசாமல் இருக்கட்டும். பேசாமல் இருக்கவாவது ஆள் இருக்கட்டும்.

அம்மாவுக்குக் கொடுக்க, மேஜையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். ஹாட்ஸ்பாட்டை அணைக்கவில்லை.

“ஏய், எங்க போற?”

“லைட்டை அணைக்க,” என்று சொல்லிவிட்டு நான் கதவைத் திறந்து நடைக்கு வந்தேன்.