இங்கே முறுக்கினால் அங்கே இறுகும்

கிளாம்புக்காரர் தன் பட்டறையில் பசை போட்ட பலகைகளை இறுக்கிப் பிடிக்க ஒரு பழைய கிளாம்பை முறுக்கிய காலையில், நான்கு தெரு தள்ளி தையல்காரி வீட்டு வாசல்கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. தையல்காரி உள்ளே மாட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, கதவு விஷயமென்றால் தச்சரைத்தானே கூப்பிட வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். வந்த தச்சர் அதே கிளாம்புக்காரர்தான். இழைப்புளியோடு ஒரு மணி நேரம் வேர்த்து வழிய நின்றார். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் முடிகூட நுழையவில்லை. பாவம் களைத்துவிட்டாரே என்று அவள்தான் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் பட்டறையில் பசை காய்ந்து அவர் திருகைத் தளர்த்தியபோது, அங்கே கதவு தானாகத் திறந்தது.

அந்தக் கிளாம்பு அவரிடம் வந்த விதம் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பழைய கிளாம்பு என்றால் அவருக்கு உயிர். இரும்புக் கடைகளிலும் மூடிப்போன பட்டறைகளிலும் அலைந்து ஐம்பத்துமூன்று சேர்த்திருந்தார். வீட்டுச் சுவரிலும் அவைதான் தொங்கின. ஆணி அடிக்க இடமில்லாமல் அவர் மனைவி கல்யாணப் படத்தைப் பெட்டிக்குள் வைத்து எட்டு வருஷமாகியிருந்தது. அகப்படாதது நீளக்கைக் கிளாம்பு மட்டும்தான். அதற்குக் கொக்கின் அலகு மாதிரி இரண்டு கைகள், திருகு பின்னால் வாலில். வாலில் முறுக்கினால் ஒரு முழம் தள்ளி மூக்கில் பிடிக்கும். அப்படி ஒரு ஜோடி அவருடைய நண்பர் நாற்காலிக்காரரிடம் இருந்தது. கேட்டால் சிரிப்பார், கொடுக்கமாட்டார். அவர் இறந்து இருபதாம் நாள், அவர் மனைவியான தையல்காரி அலமாரியை ஒழித்துத் தரும்படி கிளாம்புக்காரரைக் கூப்பிட்டாள்.

"இது எதுக்காவது ஆகுமாண்ணே? துணி சுத்தி வச்சிருந்தாரு."

துணி சுற்றி வைத்த பொருள் வீணானதாக இருக்காது என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அண்ணன் என்று அவள் கூப்பிட்ட மனிதர் சொல்லிவிட்டார்.

"துருப்பிடிச்ச இரும்பும்மா, குப்பைதான். போற வழியில நானே போட்டுடறேன்."

நமக்காகச் சுமக்கிறாரே என்று அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிற்பாடு அவருக்குப் பொய்யைவிட அந்த டீதான் அதிகம் உறுத்தியது.

கதவு மூன்றாம் முறை இறுகியபோது அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிளாம்புகளைத் தளர்த்தி வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டினார். உடனே அந்த வீட்டில் எல்லாம் தளர ஆரம்பித்தது. நாற்காலிகள் ஆடின, அவள் தைத்த பொத்தான்கள் உதிர்ந்தன, ஒரு குமாஸ்தாவின் கால்சட்டை, மேலதிகாரி முன்னால் நின்றிருந்தபோதே தையல் விட்டது. வேலை கொடுக்க வந்தவர்கள் வேறு தையல்கடைக்குப் போனார்கள். பதறிப்போய் அவர் கிளாம்புகளை ஒரு துண்டுப் பலகையில் பூட்டி, இறுகவும் விடாமல் தளரவும் விடாமல் ஒரு பதம் கண்டுபிடித்தார். தினமும் காலையில் அந்தப் பதம் பார்ப்பதே முதல் வேலையாயிற்று. இப்படி ஏழு வருஷம். ஆசைப்பட்டு எடுத்துவந்த பொருளை வைத்து ஒரு ஸ்டூல்கூடச் செய்யவில்லை. அடிக்கடி அவள் வீட்டுக்குப் போய்க் கதவு ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டான் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கொடுக்கலாம்தான், கூடவே வாயையும் திறக்க வேண்டுமே.

எட்டாம் வருஷம் ஒரு விடியற்காலையில், கிளாம்புகளுக்கு எண்ணெய் போட்டு, அதே துணியில் சுற்றி, அவள் வாசலில் வைத்துவிட்டுத் திருடனைப் போலத் திரும்பி வந்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். அண்ணன் குப்பை என்று சொன்ன அதே இரும்பு. யாரோ கண்டெடுத்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, குப்பை வண்டி வந்ததும் போட்டுவிட்டாள். அண்ணன் சொல்லை அவள் தட்டியதே இல்லை.

செய்தி தெரிந்து அவர் வண்டிக்குப் பின்னால் ஓடினார். நடுத்தெருவில், பத்துப் பேர் பார்க்க, முழங்கால் அளவு குப்பையில் இறங்கித் துழாவினார். அதற்குள் அங்கே கதவு கீலைவிட்டுச் சாய்ந்தது. மடித்து வைத்திருந்த பதினோரு சட்டைகள் கை வேறு காலர் வேறாகப் பிரிந்து விழுந்தன. கதவில்லாத வாசலில், நாற்றத்தோடு, இரண்டு கிளாம்புகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வந்து நின்றார்.

"இது குப்பை இல்லம்மா. எனக்கு அன்னைக்கே தெரியும். ஆசைப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

தரையில் உட்கார்ந்து சட்டைக் கைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு போய் இருபது நாள்தாண்ணே ஆகியிருந்துது."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. கிளாம்புகளை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு டீ கொடுக்கவில்லை.

துணி வெட்டும் மேசையில், அடுக்கிய துணி நகராமல் பிடிக்க அவள் அவற்றைப் பூட்டினாள். அதன்பின் வீட்டில் எதுவும் இறுகவுமில்லை, தளரவுமில்லை. ஆனால் தினமும் ஒன்பது மணிக்கு அவள் திருகை முறுக்கியதும், நான்கு தெரு தள்ளி கிளாம்புக்காரரின் தாடை பூட்டிக்கொண்டது. வெட்டி முடித்து அவள் தளர்த்தும்வரை திறக்கவில்லை. முதல் நாள் அவர் மனைவி பயந்துபோனாள். இரண்டாவது வாரத்திலிருந்து எட்டரைக்கே சாப்பாடு போட்டுவிட்டாள்; காலியான ஆணியில் கல்யாணப் படத்தையும் மாட்டினாள். பட்டறைக்குக் காலையில் வருகிறவர்கள் அளவைச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். வெட்டு வேலை இல்லாத நாள்களில் அவர் தாடை பூட்டிக்கொள்வதில்லை. அந்த நாள்களிலும் மதியம்வரை அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.