மூன்றாம் பாகத்துக் கல்யாணம்

அந்தக் காலத்தில் நாவல் என்றால் மூன்று பாகம். இரண்டோடு நின்றால், புத்தகத்தை வாங்கி வாடகைக்கு விடும் லண்டன் நூலகங்கள் ஏறெடுத்தும் பார்க்காது. யார் வைத்த சட்டமோ, நாசமாய்ப் போக! லவீனியா தொரால்டின் மாயக்கதை இரண்டாம் பாகத்தோடு முடிந்திருந்தது. ஏரிக்கடியில் நாரைகளின் ராஜ்யத்தை ஆளும் சிறுமியின் கதை. அந்தச் சிறுமி வேறு யாருமில்லை, போன குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் கண்டு ஒன்பது வயதில் செத்துப்போன அவள் மகள் டாபிதாதான். மண்ணுக்குள் போனவள் ஏட்டிலாவது உயிரோடு இருக்கட்டும் என்றுதான் பெற்றவள் எழுதினாள்.

தேநீருக்கு வந்த பதிப்பாளர் கிராஸ்பி ஒரே பிடியாய்ப் பிடித்தார்.

"மூணாம் பாகம் இல்லாம அச்சுக்குப் போகாதும்மா. பொண்ணை வளர்த்து விடுங்க. கடைசியில ஒரு கல்யாணம். படிக்கிற பொம்பளைங்க அதுக்குத்தானே காத்திருக்காங்க?"

"அவ சின்னப் பொண்ணு சார்."

"கதையில வளர்றதுக்குச் சாப்பாடா போடணும்? ரெண்டு அத்தியாயம் போதுமே."

முடியாது என்றால் டாபிதா மேசை இழுப்பறையிலேயே கிடப்பாள். லவீனியா ஒத்துக்கொண்டாள்.

எப்படியோ வளர்த்தாள். உயரம் கூட்டினாள், கூந்தலைத் தூக்கிக் கட்டினாள். பேசவைக்கத்தான் முடியவில்லை. வளர்ந்த டாபிதாவின் குரல் எப்படி இருக்குமென்று யாரைப் போய்க் கேட்பாள், பாவி? மணப்பெண் கடைசிவரை வாயே திறக்கவில்லை. ஆனால் கல்யாண ஊர்வலத்தை மட்டும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

"நேர்ல பார்த்த மாதிரியே இருக்கும்மா" என்று கிராஸ்பி பூரித்துப் போனார்.

அச்சுப்படி வந்ததும், ஊர்ப் பாதிரியாரான அவள் கணவர் ஆம்ப்ரோஸ் கணப்பருகே உட்கார்ந்து படித்தார். வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாகத் தோழிகள் ஜோடி ஜோடியாக வருகிறார்கள். வழியெல்லாம் பூ. அவருக்கு மேலே படிக்க ஓடவில்லை. கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்கு அந்த ஊர்ப்பக்கம் சாவுக்கு உடுத்தும் கறுப்பு கிடையாது. எல்லாம் வெள்ளை, சவப்பெட்டியைத் தூக்குவதும் தோழிகள்தான். டாபிதாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

"லவீனியா, இந்தக் கல்யாணத்துல எல்லாரும் ஏம்மா இவ்வளவு மெதுவா நடக்கறாங்க?"

அவள் தையலிலிருந்து நிமிரவில்லை.

"அவளுக்குன்னு நான் பார்த்த ஊர்வலம் அது ஒண்ணுதாங்க. வேற எதை எழுதுவேன்?"

ஆம்ப்ரோஸ் தாள்களை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"கதையிலயாவது உயிரோட இருப்பாள்னு நினைச்சேங்க," என்றாள் லவீனியா. "அங்கயும் நானே கொண்டுபோய்ப் புதைச்சிட்டேன்."