ஒரு கொறையும் இல்ல சார்

இன்சூரன்ஸ்காரர்கள் மகா புத்திசாலிகள். பக்கவாதத்தில் அன்னம்மாளின் வலது கையும் காலும் விழுந்தபோது, ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அறுபது நாள் பிசியோதெரபிக்கு மட்டும் காசு தருவோம் என்றார்கள். அறுபது நாளுக்குள் எழுந்து நடந்துவிடு என்று யாராவது அவள் மூளைக்கும் தகவல் சொல்லியிருக்கலாம். அந்தத் தகவல் வந்து சேரவில்லை.

மகள் ஹெலன் போன் செய்து கேட்டாள்.

நீட்டிக்கலாம் மேடம், ஆனால் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்றது ஒரு தேன் தடவிய குரல். தெரியாவிட்டால்? அப்படியென்றால் தெரபியால் பயனில்லை மேடம். நிறையத் தெரிந்தால்? அப்படியென்றால் தெரபி தேவையில்லை மேடம். ஆக, அம்மாவுக்குக் குணமாகவும் கூடாது, ஆகாமல் இருக்கவும் கூடாது. போனை வைத்த பிறகுதான் ஹெலன் "தூ" என்றாள். போனிலேயே துப்ப முடியாத வேலை அவளுடையது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எச்.ஆர். அம்மாவையும் சேர்த்து இன்சூரன்ஸ் கார்டு கொடுத்தது அந்தக் கம்பெனிதான்.

கடைசியில், ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். பெரிய மனசு.

தெரபிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஷஹீன் பானு, மேல்விஷாரத்திலிருந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அம்மாவின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அந்த ஆளு வர்ற அன்னிக்கு அம்மாவ ஜோடிச்சி உக்கார வெக்காதீங்க. இருக்கறத இருக்கற மாதிரியே காட்டுங்க. விரலு இப்பதான் லேசா அசையுது. இப்ப வுட்டுட்டா கை இப்டியே இறுகிப் பூடும். அப்புறம் ஸ்பூனு கூட புடிக்க மாட்டாங்க."

"பேச்சு?"

"வாய்க்குப் பழகுனது மட்டும் தானா வரும்க்கா. புதுசா ஒரு வார்த்த சொல்றதுதான் பேஜாரு."

அது உண்மைதான். அம்மாவால் கர்த்தரின் ஜெபத்தை முழுசாகச் சொல்ல முடிந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் முகமெல்லாம் வியர்த்து, "த... த..." என்று திணறி, கடைசியில் சொம்பைப் பார்த்து அழுவாள்.

சொன்ன நாளில் வேலூரிலிருந்து நந்தகோபால் என்பவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் ஹெலனின் தெருவுக்கு வருவதே இல்லை. ஆனாலும் அவர் உள்ளே வரும்போதே மூக்கைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். அம்மா படுத்திருந்த கட்டிலைத் தொடாமல், நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கவாதம் தொற்றுமென்று எங்காவது படித்திருப்பாராக இருக்கும்.

"பேஷன்ட்கிட்ட நான் தனியா பேசணும் மேடம். ஃபேமிலி பக்கத்துல இருந்தா சொல்லிக் குடுக்கற மாதிரி ஆயிடும்."

ஹெலன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? கோணிய வாயும் மடங்கிய கையும் போதாதா? கண் இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும். இவனுக்குக் காபி ஒரு கேடா என்று, அடுப்பில் வைத்த பாலைக்கூட இறக்கி வைத்துவிட்டாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கறேன் சார்."

ஹெலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் குரல்தான். குழறல் இல்லை, திணறல் இல்லை.

"சாப்பாடு, பாத்ரூம் எல்லாம்?"

"எல்லாம் சரியா இருக்குது சார்."

"கையில வலி, கஷ்டம் ஏதாவது?"

"ஒரு கொறையும் இல்ல சார்."

அந்த ராகம் ஹெலனுக்குத் தெரியும். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கக் கம்பெனிக்கு ஆடிட் ஆள் அனுப்புவார்கள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்டோடு வந்து, எச்.ஆரை வெளியே அனுப்பிவிட்டுத் தொழிலாளிகளிடம் தனியாகப் பேசுவார்கள். அதற்கு முந்தின நாள் தையல் ஹாலில் நின்று பதில் சொல்லிக் கொடுப்பது ஹெலனின் வேலை. எதைக் கேட்டாலும் ஒரு குறையும் இல்லை. ஊசி ஏறி விரலில் கட்டுப் போட்டிருந்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ரிட்டையர் ஆகும்வரை அம்மாவும் அந்த வரிசையில்தான் இருந்தாள். மகள் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று மற்றவர்களைவிடச் சுத்தமாகச் சொல்வாள். சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் கண்ணைச் சிமிட்டி, "சரியா சொன்னேனா மேடம்?" என்பாள். ஹாலே சிரிக்கும். ஹெலனும் சிரிப்பாள்.

ஹெலன் ஓடி வந்தாள். அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையைக் காணோம். அது முந்தானைக்குள் இருந்தது.

"சார், அத்தனையும் பொய்! நான்தான் ஊட்டி வுடறேன், நான்தான் தூக்கினு போறேன். இந்தக் கையப் பாருங்க!" முந்தானையை விலக்கினாள். அம்மா பதறிப்போய், இடது கையால் வலது கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்தாள்.

"பேஷன்ட்டோட ஸ்டேட்மென்ட் எடுத்தாச்சு மேடம். நீங்க சொல்றத நான் போட முடியாது." நந்தகோபால் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பேச்சு நார்மலா இருக்கு, தனியா உக்கார்றாங்க. சந்தோஷப்படுங்க. தெரபிய இத்தோட நிறுத்திக்கலாம்."

"நீ நல்லா இருப்பியா?" என்றாள் ஹெலன். கார் கிளம்பும்வரை வாசலில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். கண்ணிருந்தும் குருடன், பிழைக்கத் தெரிந்த அற்பன், சொல்லிக் கொடுத்த பேச்சுக்கும் சொந்தப் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். கடைசி வசவு வாயை விட்டு வந்ததும் சட்டென்று வாசலை விட்டுத் திரும்பினாள்.

உள்ளே போனாள். அம்மாவின் முகத்தில் பாதி சிரித்துக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது.

"உன்... வே... வேல..." அடுத்த வார்த்தை வரவில்லை. கார்டு கம்பெனி கொடுத்தது, வந்தவரும் கம்பெனி ஆள், குறை சொன்னால் மகளின் வேலைக்கு ஆபத்து. இதைத்தான் சொல்ல வருகிறாள் என்று ஹெலனுக்குப் புரிந்தது. புரிந்தபோது தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அம்மா தேடுவதை விட்டுவிட்டு, நல்ல கண்ணைச் சிமிட்டினாள். இது தடையில்லாமல் வந்தது.

"சரியா சொன்னேனா மேடம்?"