படிவத்தில் மட்டும் ஷெட்டுக்குள் நின்ற கார்

என்னிடம் இருந்தது 1962-ஆம் வருஷத்து ஹில்மன் கார். அவ்வளவு பழைய வண்டிக்குச் சாலை வரி கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டு, ஒன்றுமில்லாத வரியை ஒழுங்காகக் 'கட்ட' வேண்டும். ஒரு நாள்கூட நான் பிந்தியதில்லை. இங்கிலாந்தில் எங்கள் லவுத் ஊர்ப் பழைய கார் சங்கத்தில், "நார்மன், உன் காரைவிட உன் ஃபைல்தான்யா பளபளக்குது" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு இன்சூரன்சும் மலிவு. இரண்டே நிபந்தனை. அதிகம் ஓட்டக் கூடாது. ராத்திரி பூட்டிய ஷெட்டுக்குள் நிற்க வேண்டும். முதலாவதை நான் மீறியதே இல்லை. இரண்டாவதை நாலு வருஷமாக மீறிக்கொண்டிருந்தேன். ஏலத்தில் வாங்கிய உதிரிக் கதவுகள், பம்பர்கள், ஓடாத இரண்டு எஞ்சின் என்று ஷெட் நிறைந்து போய், கார் தெருவுக்கு வந்துவிட்டது. படிவத்தில் மட்டும் ஷெட்டுக்குள் நின்றது.

பிப்ரவரியில் ஒரு புயல். விடியும்போது எழுந்து பார்த்தால், காரின் கூரை மேல் மரக்கிளை. "காலைலதான் வெளிய எடுத்து நிறுத்தினேன்" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, சேதத்தை மதிப்பிட கம்பெனியின் சர்வேயர் வந்தார். சக்கரத்தடியில் ஒட்டியிருந்த பாசியைக் குனிந்து பார்த்தார். தெருவில் நாள்பட்ட எண்ணெய்க் கறை. அப்போது பக்கத்து வீட்டு ஹிலரி அவருக்குத் தேநீர் கொண்டுவந்தார். எழுபது வயது, ஞாயிறுதோறும் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் நின்று பைபிள் வாசிப்பவர். உறைபனி நாட்களில் என் கார் கண்ணாடி மேல் பழைய போர்வையைப் போர்த்தி வைத்ததும் அவர்தான்.

"ராத்திரியில இந்த கார் எங்க நிக்கும்மா?" என்று சர்வேயர் கேட்டார்.

ஹிலரி என்னைப் பார்த்தார். நான் ஷெட் பக்கம் லேசாகத் தலையசைத்தேன்.

"உள்ளதான்" என்றார் ஹிலரி. கப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மத்தியானம் பூங்கொத்தோடு போனேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"பூவெல்லாம் வேண்டாம் நார்மன். நான் உங்க முகத்தைப் பார்த்திருக்கவே கூடாது. பார்க்காம இருந்திருந்தா, தெருவுலதான்னு சொல்லியிருப்பேன்."

மூன்று நாள் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். நாலாம் நாள் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஹிலரி மேல் தப்பில்லை, நான்தான் ஜாடை காட்டினேன் என்றும் எழுதினேன். இழப்பீடு கிடையாது, பாலிசி ரத்து என்று பதில் வந்தது. இனி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் 'முன்பு பாலிசி ரத்தானதுண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டும்.

என் மனைவி வெண்டி கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை முதல் நாளே எழுதியிருந்தா அந்தம்மாவாவது தப்பிச்சிருக்கும்" என்றாள்.

கடிதத்தின் நகலை ஹிலரியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"உங்க பொய்யை வாபஸ் வாங்கிட்டீங்க, நல்லது. என்னோடதை எந்த ஆபீஸ்ல போய் வாபஸ் வாங்கறது?"

அடுத்த ஞாயிறு சர்ச்சில் வேறொருவர் வாசித்தார். அதற்கடுத்த ஞாயிறும். ஹிலரி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்தால் 'குட் மார்னிங்' உண்டு, நிற்பதில்லை.

நான் எஞ்சின்களை விற்று ஷெட்டைக் காலி செய்தேன். கார் சாலையில் ஓடாது என்று அரசுக்கு எழுதிக் கொடுத்து, நசுங்கிய கூரையோடு அதை உள்ளே தள்ளிப் பூட்டினேன்.

மே மாதச் சங்கக் கூட்டத்தில் ராட்னி கேட்டான்: "உன் பக்கத்து வீட்டம்மா இப்பல்லாம் பைபிள் வாசிக்கறதில்லையே, ஏன்? கண்ணு சரியில்லையாமே?"

சுற்றி ஆறேழு பேர். எல்லோருக்கும் என்னைத் தெரியும், அவரையும் தெரியும். நான் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"இருக்கும்" என்றேன்.